என் மைக்ரோமீட்டர் தப்புச் சொல்லாது

'என் அளவே அளவு' என்று உலகத்தில் ஓர் இனம் உண்டு. துப்பாக்கித் தொழிற்சாலைகளின் பரிசோதனை அறையில் அது செழிப்பாக வளர்கிறது. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அங்கேதான் எனக்குச் சம்பளம்.

எங்களைக் கண்டுபிடிப்பது சுலபம். பொதுக் கருவியைத் தொடமாட்டோம். தடிமனை நுணுக்கமாக அளக்கிற மைக்ரோமீட்டர் ஒன்றைச் சொந்தமாக வைத்திருப்போம், இரவல் தரமாட்டோம், எண்ணெய் தொட்டு, மெல்லிய துணியால் துடைத்து, குளிரூட்டிய அறையில் மற்றக் கருவிகளோடு கிடந்தால் சகவாசத்தில் கெட்டுவிடும் என்று சட்டைப்பைக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொள்வோம். கருவிகளையெல்லாம் சரிபார்க்க அனுப்பும் நாளில் மட்டும் அது வீட்டில் மறந்துபோயிருக்கும். சரியாக இருப்பதை எதற்குச் சரிபார்ப்பது?

அன்று ஒரு பெட்டி ஊசிகள் வந்தன. துப்பாக்கிக்குள் தோட்டாவைத் தட்டுகிற ஊசிகள். பக்கத்து மேசை அக்கா அளந்து "சரியா இருக்கு" என்றார். நான் அளந்தேன். எல்லாமே இளைத்திருந்தன! தலைமுடியில் பத்திலொரு பங்குதான். எங்கள் தொழிலில் அது யானை.

"அத்தனையும் உலைக்கு" என்றேன்.

ஊசிகளைக் கடைந்த லேத்துக்காரர் ஓடிவந்தார். "சார், முதுகொடிஞ்சு கடைஞ்சது சார். இன்னொரு தடவ பாருங்க."

"எத்தன தடவ பாத்தாலும் என் மீட்டர் ஒண்ணுதான் சொல்லும்."

"அதான் பயமா இருக்கு" என்ற அக்கா அதைத் தொட்டுப் பார்த்தார். "என்ன தம்பி, காய்ச்சலா இதுக்கு? இப்படிச் சுடுது?"

பெட்டியை வாங்கிப்போக வந்திருந்த ராணுவ அதிகாரி, கருவிகளைச் சரிபார்ப்பதற்கென்றே இருக்கும் அளவு மாறாத எஃகுக்கட்டையை எடுத்தார். அக்காவின் கருவி அதைச் சரியாகச் சொன்னது. என்னுடையது கட்டையும் இளைத்துவிட்டதாகச் சொன்னது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கட்டையைப் பார்த்தேன்.

"சார், இந்தக் கட்டைய கடைசியா எப்ப சரிபார்த்தீங்க?"

"போன வாரம். உங்க மீட்டர?"

எனக்கு இருமல் வந்துவிட்டது.

"உடம்புச் சூட்டுல விரிஞ்சுபோச்சு" என்றார் அவர். "விரிஞ்ச கருவி எதையும் ஒல்லியாத்தான் காட்டும்."

ஊசிகள் பிழைத்தன. லேத்துக்காரர் இப்போது என்னைக் கண்டால், "சார், நான் இளைச்சிருக்கேனா?" என்கிறார்.

சிரியுங்கள். ஆனால் ஒன்று சொல்லிவிட்டுச் சிரியுங்கள்: டாக்டர் வீட்டு எடை மெஷின் கூட்டிக் காட்டியபோது, செருப்பைக் கழற்றி, பர்ஸைக் கீழே வைத்து, மூச்சையும் வெளியே விட்டு மறுபடி ஏறி நின்று, அப்புறம் "மெஷின் பழசு போலிருக்கு" என்றது யார்?