மச்சான் காரின் மடிப்புக் கூரைக்கு ஒரு கீறல்கூட இல்லை

ப்ரூக்ஹெல்டன்,
திருவிழா முடிந்த திங்கட்கிழமை

பெருமதிப்பிற்குரிய மச்சான் ஹெரிபெர்ட் அவர்களுக்கு,

தங்கள் தங்கை மெக்டில்டின் கணவன் எங்கல்பெர்ட் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே கடற்கரை மருத்துவ இல்லத்தில் தாங்களும், தங்களைச் சுமக்கப்போகும் அந்தப் புது முழங்காலும் சுகமென்று நம்புகிறேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டாம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கூரைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

துப்பாக்கிச் சங்கத் திருவிழாவில் கம்பத்து உச்சியில் வைத்துச் சுடும் அந்த மரப்பறவையின் கடைசிச் சில்லு என் குண்டுக்குத்தான் விழ வேண்டுமா? விழுந்துவிட்டது, அதை வீழ்த்தியவன்தான் ராஜா என்ற வழக்கப்படி நான் இந்த வருஷத்து ராஜாவாகிவிட்டேன், தங்கள் தங்கை ராணி, ஊர்வலத்துக்கோ திறந்த வண்டி வேண்டும், குதிரை வண்டிக்காரர் குதிரைக்குக் கால் வீக்கம் என்று கையை விரித்துவிட்டார். ஆபரேஷன் முடிந்து படுத்த படுக்கையாக இருந்தபோதும் "எடுத்துட்டுப் போய்யா" என்று தங்கள் கார் சாவியைத் தந்தீர்களே, அந்த மனசு யாருக்கு வரும்! கூடவே கூரையைத் திறந்து மூடுவதற்கு விதிகளும் தந்தீர்கள். வண்டி சமதளத்தில் அசையாமல் நிற்க வேண்டும், இன்ஜின் ஓட வேண்டும், டிக்கிக்குள் இருக்கும் தடுப்பை இழுத்து மாட்ட வேண்டும், அதற்கு மேலே ஒரு கைக்குட்டைகூட இருக்கக் கூடாது, கூரையைப் பாதியில் விடக் கூடாது, கையால் தள்ளவே கூடாது. என் கல்யாணத்தில் பாதிரியார் சொன்னதைக்கூட நான் இவ்வளவு கவனமாகக் கேட்கவில்லை. இன்னொருவரை நம்பி ஓட்டக் கொடுக்க மனமில்லாமல், மார்பில் வெள்ளிச் சங்கிலி தொங்க ராஜாவே ஸ்டியரிங்கைப் பிடித்தேன். பின் இருக்கையில் மெக்டில்ட், அவளைச் சுற்றி அந்த வளையப் பாவாடை. ஊருக்கெல்லாம் தெரியும்படி டிக்கி மூடிமேல் ஏறி உட்காரச் சொன்னார் ஊர்வலத்தை நடத்தும் மேஜர் கிளெமென்ஸ்.

"அதுக்குள்ளதான் எங்க அண்ணனோட கூரை மடிஞ்சு கெடக்கு. மேல உக்காரணும்னா மொதல்ல அவருகிட்ட போய்க் கேட்டுட்டு வாங்க" என்றாள். மேஜர் மீசையைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

தேவாலயத்தை நெருங்கினோமோ இல்லையோ, மழை பிடித்துக்கொண்டது. ஊர்ந்து போகும்போது மூடக் கூடாது என்பது தங்கள் கட்டளை. முன்னால் பேண்டு, பின்னால் மூன்று அணி துப்பாக்கிக்காரர்கள், நடுவில் நான் எங்கே நிறுத்துவது? மேஜரிடம் கெஞ்சினேன். மனுஷர் வாளை உருவி உயர்த்தி, "எல்லாரும் நில்லுங்க! ராஜா கூரை மூடுறாரு!" என்று போட்டாரே ஒரு சத்தம், ஊரே விறைத்து நின்றது. நான் பொத்தானை அழுத்தினேன். மச்சான், என்ன சொல்வேன்! டிக்கி பின்பக்கமாகத் திறந்தது, உள்ளேயிருந்து தகடுகள் எழுந்தன, விரிந்தன, ஒன்றோடொன்று பொருந்தின, ஓர் அவசரம் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மழைத்தண்ணீர் என்று சமாளித்தேன். ஊர் கைதட்டியது. மழையும் விட்டது. "இன்னொரு தடவை காட்டு எங்கல்பெர்ட்டு!" என்றார்கள். திறந்தேன். மூடினேன். திறந்தேன். மூடினேன். குழந்தைகள் கேட்டால் மறுக்க முடியுமா, கேட்டவர்களில் பாதிரியாரும் இருந்தார். மறுபடி திறந்து வைத்திருந்தபோது மழை திரும்பி வந்தது, அழுத்தினேன், கூரை பாதியில் நின்றுவிட்டது. தகடு ஆகாயத்தில், டிக்கி ஆவென்று திறந்தபடி, என் விரல் இன்னும் பொத்தானில்.

தீயணைப்புப் படைக்காரர்கள் சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்தார்கள். "எட்டுப் பேரு சேந்து ஒரு அமுக்கு அமுக்கினா வந்துரும்."

அப்போது பார்த்திருக்க வேண்டும் தங்கள் தங்கையை! பாவாடையோடு குதித்து இறங்கி, டிக்கிக்கு முன்னால் நின்று பூச்செண்டை ஓங்கினாள். "எவனாவது கை வச்சீங்க, கிரீடத்தைக் கழட்டி மண்டையில போட்டுருவேன்! ஆட்டம் காட்டி ஆட்டம் காட்டி கூரை மோட்டார் சூடாயிருச்சு, வேற ஒண்ணும் இல்ல. ஆறட்டும். அதுவரைக்கும் பேண்டு வாசிக்கட்டும்!"

பேண்டு தெரிந்ததையெல்லாம் வாசித்து, தெரியாததையும் வாசித்தது. அவள் மழையில் நனைந்துகொண்டே மூடியின் மேல் காதை வைத்துக் கேட்டாள். "இப்ப அழுத்துங்க" என்றாள். அழுத்தினேன். வந்தது, பொருந்தியது, 'க்ளிக்'. தொப்பிகள் பறந்தன. இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியும் எனக்கு வாய்த்தவள் யாரென்று அன்றுதான் கண்ணாரப் பார்த்தேன். அந்தக் கூரையைச் செய்தவனையும் அவளைப் பெற்றவர்களையும் கும்பிட வேண்டும்.

தங்கள் முழங்காலும் அந்தக் கூரையைப் போலவே சத்தமில்லாமல் மடங்கி நிமிர அருள வேண்டுமென்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் அன்புக்கு என்றும் கட்டுப்பட்ட,
எங்கல்பெர்ட் (ராஜா)

பி.கு.: அண்ணா, நான் மெக்டில்ட். கவரை ஒட்டுறதுக்கு முன்னாடி படிச்சுப் பாத்தேன். இவரு எழுதினதுல ஒரு வார்த்தை பொய் இல்ல. ஆனா 'க்ளிக்'னு மூடினதும் இவரு சந்தோஷம் தாங்காம இறங்கி ஊருக்கே சல்யூட் வச்சாரு. இன்ஜின் ஓடுது, ஆட்டோமேட்டிக் கியர் டிரைவ்லயே கெடக்கு, காலால மிதிச்சிருந்த பிரேக்கையும் விட்டாச்சு, ஹேண்ட் பிரேக்கும் போடல. எல்லாரும் கூரையையே பாத்துட்டு இருந்தோம். வண்டி தன்பாட்டுக்கு மெதுவா நகந்து, முன்னாடி நின்ன பேண்டோட பெரிய டிரம்மைக் கிழிச்சு உள்ள பூந்து, டிரம்மோடயே போய்த் தேவாலயச் செவத்துல நின்னுச்சு. டிரம் அடிக்கிற தியோ தப்பிச்சு ஓடிட்டான். கூரை ஜம்முனு இருக்குண்ணா. வண்டியோட முன்பக்கத்தை ஒரு பெட்டியில போட்டு வச்சிருக்கோம்.