வாய் நிறைய மாவு, ஒரு வரவேற்பு

பலென்சியா,
டிசம்பர் 27

பேரன்புக்குரிய மச்சான் வெனான்சியோ அவர்களுக்கு,

உங்கள் தங்கை ரெமேயின் கணவனும், முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவனுமாகிய எலாதியோ எழுதுவது. நாங்கள் இங்கே நலம். அங்கே உங்கள் புது இடுப்பு எலும்பு நலமா? அறுவை சிகிச்சையால் கிறிஸ்துமஸுக்கு வர முடியாமல் போனதே என்று வருந்தியிருந்தீர்கள். வராததே நல்லது. வந்திருந்தால் நான் பட்ட பாட்டைப் பார்த்துச் சிரித்தே உங்கள் தையல் பிரிந்திருக்கும்.

நவம்பரில் இங்கிலாந்திலிருந்து நம் ரூபென் ஃபோன் செய்தான். பண்டிகைக்கு மருமகள் ஜெம்மாவோடு வருகிறானாம், ஜெம்மாவின் அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறானாம், ஆனால் சம்பந்தியம்மாள் தயங்குகிறாராம். ஏன்டா என்றேன். "கல்யாணத்தன்னிக்கு நீங்க அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலியேப்பா. இந்தச் சம்பந்தமே உங்களுக்குப் புடிக்கலைன்னு நெனச்சிட்டிருக்காங்க" என்றான். "புடிக்காம என்னடா? எனக்கு இங்கிலீஷ் எங்கடா தெரியும்?" என்றேன். "அது எனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாதில்ல? பாவம், தனியா இருக்காங்க. இந்தத் தடவையும் நீங்க உம்முன்னு இருந்தா, அடுத்த வருஷத்துலேருந்து எங்க கிறிஸ்துமஸ் அவங்க வீட்டுலதான், சொல்லிட்டேன்" என்றான். மச்சான், எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. வருடத்தில் அவன் எங்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது இந்தச் சில நாள்தான். அதுவும் போய்விட்டால், நானும் உங்கள் தங்கையும் ஒரு முழு ஆட்டுக்குட்டி வறுவலை நடுவில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மறுநாளே போய், பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பில் சேர்ந்துவிட்டேன். மிலாக்ரோஸ் டீச்சர் தங்கமானவர். அந்த மாதம் முழுக்கக் குளிர்காலப் பண்டிகைச் சொற்கள்தான் பாடம். ஆங்கிலத்தில் பனிக்கு ‘ஸ்னோ’ என்று பெயர். இதில் என்ன கஷ்டம் என்பீர்கள். எங்கே, சொல்லிப் பாருங்கள்? நம் ஊர் நாக்கில் ‘எஸ்னோ’ என்றுதானே வருகிறது! பரிசு போட்டு வைக்கிற காலுறை ‘எஸ்டாக்கிங்’, சறுக்கு வண்டி ‘எஸ்லே’. கூப்பிடாமலே ஒரு ‘எ’ முன்னால் வந்து நின்றுகொள்கிறது, துரத்தினாலும் போகாது. "எலாதியோ சார், மொதல்ல பாம்பு மாதிரி சீறுங்க. ஸ்ஸ்ஸ்... மூச்சு விடாம அப்படியே ‘னோ’" என்றார் டீச்சர். அதை நான் இறைச்சிக்கடை வரிசையில் நின்று பழகப்போக, முன்னால் நின்ற மருந்துக்கடைக்காரர் மனைவி திரும்பி, "எதுக்கு இப்ப என்னப் பாத்துச் சீறுறீங்க? நான் ஒண்ணும் வரிசையில முந்தல!" என்று கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போட்டுவிட்டார். இன்றுவரை அந்த அம்மாள் என்னோடு பேசுவதில்லை.

சீறலாவது பரவாயில்லை. சம்பந்தியம்மாளின் பெயர் ஹெதர். அந்த ‘ஹெ’ இருக்கிறதே, நாம் அதைத் தொண்டையில் மீன்முள் சிக்கியவன் மாதிரிதான் சொல்லுவோம். ஆங்கிலத்திலோ மூக்குக்கண்ணாடி துடைக்க ஊதுவது போல லேசாகச் சொல்ல வேண்டுமாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காறித் துப்புகிறேன் என்று நினைத்துக்கொண்டால் என் கதி என்ன? போதாததற்கு ‘கிறிஸ்துமஸ்’ என்ற சொல்லின் நடுவே ஓர் எழுத்தை எழுதுவார்களாம், ஆனால் சொல்ல மாட்டார்களாம். சொல்லாததை எதற்கு எழுதினார்கள் என்று கேட்டேன். டீச்சர் பெருமூச்சு விட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த பக்கத்தில்தான் ‘புட்டிங்’, அவர்களுடைய பண்டிகை இனிப்பு. உதட்டிலிருந்து காற்று வெடித்துக்கொண்டு வர வேண்டுமாம். வருகிறதா என்று பார்க்க எதிரே லேசான பொருள் ஏதாவது வேண்டுமே என்று, ரெமே மூன்று நாளாக ஜோடித்த கிறிஸ்துமஸ் குடில் முன்னால் போய் நின்றேன். நம் வீட்டுக் குடிலில் பனிக்கு மாவுதான் தூவுவோம் என்று உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு ‘புட்டிங்’தான் சொன்னேன். மலையில் இருந்த பனி மொத்தமும் கிளம்பி மூன்று ராஜாக்களையும் ஒட்டகங்களோடு மூடிவிட்டது. "நீங்கள்லாம் ஒரு மனுஷனா? பெத்லகேமையே புதைச்சிட்டீங்களே! போய் பால்கனியில நின்னு வெடிங்க!" என்று உங்கள் தங்கை போட்ட கூச்சல் உங்கள் ஊர் எஸ்தேபா வரைக்கும் கேட்டிருக்குமே, கேட்கவில்லையா?

இப்படியெல்லாம் அவமானப்பட்டு ஒரே ஒரு வாக்கியத்தைத் தேற்றினேன். ‘இனிய கிறிஸ்துமஸ், ஹெதர். இங்கே பனி இல்லை, ஆனால் எங்கள் வீடு உங்கள் வீடு.’ இருபத்துநான்காம் தேதி மதியம் ரயில் வந்தது. சம்பந்தியம்மாள் இறங்கினார். நெட்டையான மனுஷி, நீலத் தொப்பி, என்னைவிடப் பயந்த முகம். நான் போய் எதிரே நின்றேன். வாக்கியம் ஓடிவிட்டது. சீறல் மட்டும் மிச்சம் இருந்தது. ஸ்ஸ்ஸ்... என்று இழுத்தேன். அவர் பெட்டியை முன்னால் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார். "வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலைங்களேன்!" என்று ரெமே முதுகில் இடித்தாள். ரூபென் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அன்று பூராவும் நானும் சம்பந்தியம்மாளும் ஒருவருக்கொருவர் ரொட்டியை நகர்த்திக்கொண்டு, எல்லாம் போச்சு என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தோம். நான் அழாத குறைதான், மச்சான்.

மறுநாள் விருந்து முடிந்ததும் ரெமே நீங்கள் அனுப்பிய பொல்வொரோன் பிஸ்கட் பெட்டியைத் திறந்தாள். உடனே நம் வீட்டு வழக்கம் தொடங்கியது. முழுசாக ஒன்றை வாயில் போட்டு, அது மாவாய் உதிர்ந்து மேலண்ணத்தில் அப்பிக்கொண்டதும் ‘பம்ப்லோனா’ என்று அந்த ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும், சிந்தியவர் பாத்திரம் கழுவ வேண்டும். ரூபென் முதல் ‘ப’விலேயே தோற்று, ஜெம்மாவையும் இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான். சம்பந்தியம்மாள் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தாமே ஒன்றைப் பிரித்து வாயில் போட்டு, "பம்ப்—" என்றார். என் ஒரே நல்ல கோட்டு வெள்ளையாகிவிட்டது. பாவம், அந்த அம்மாளின் கண்ணில் தெரிந்த திகிலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. என் வாயில் இருந்ததெல்லாம் அவர் தொப்பியில். அப்புறம் இருவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம் பாருங்கள், ரெமே பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

சம்பந்தியம்மாள் மேசைமேல் படிந்த மாவைக் காட்டி, "ஸ்னோ!" என்றார். நான், "எஸ்னோ!" என்றேன். கேலி செய்வார் என்று நினைத்தேன். அவர் என்னைக் கூர்ந்து பார்த்து, மெதுவாக, அழகாக, "எஸ்னோ" என்றார். எனக்காக அந்த ‘எ’யையும் சேர்த்துக்கொண்டார், மச்சான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த சுற்றில் தோற்கக் கூடாது என்று நான் இரண்டை ஒன்றாக அடைத்துக்கொண்டேன். வாயைத் திறந்தால் தோல்வி. அந்த நேரம் பார்த்து அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். நன்றி சொல்கிறார் என்று புரிந்தது. மூன்று தடவை பலமாகத் தலையாட்டினேன். உடனே அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஆகவே கவலை ஒழிந்தது. இனி ஒவ்வொரு கிறிஸ்துமஸும் நம் வீட்டு மேசையில்தான். ஆங்கிலத்துக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்துவிட்டது. இனி வரமாட்டேன் என்று டீச்சரிடம் சொல்லியாயிற்று. நோட்டுப் புத்தகத்தை ரெமே அடுப்புப் பற்றவைக்க எடுத்து வைத்திருக்கிறாள். ஜனவரியில் பரிசு கொண்டுவரும் மூன்று ராஜாக்கள் உங்களுக்கு ஊன்றுகோல் இல்லாத நடையைக் கொண்டுவரட்டும், புது எலும்பு பழைய எலும்புகளோடு ஒற்றுமையாக இருக்கட்டும்.

என்றும் உங்கள் அன்பு மச்சான்,
எலாதியோ

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது ரூபென் வந்து என் தோளைத் தட்டினான். "அப்பா, நீங்க இவ்வளவு தைரியசாலின்னு எனக்குத் தெரியாதுப்பா" என்றான். சம்பந்தியம்மாள் சொன்னது நன்றி இல்லையாம், கேள்வியாம். அடுத்த கிறிஸ்துமஸுக்கு நாங்கள் இருவரும் அவர் வீட்டுக்கு வருவோமா, அவர்கள் கோயிலில் சபை முன்னால் நின்று நான் ஆங்கிலத்தில் வேதம் வாசிப்பேனா என்று கேட்டிருக்கிறார். நான் மூன்று தடவை தலையாட்டியிருக்கிறேன். அவர் ஊருக்கெல்லாம் ஃபோன் போட்டுச் சொல்லியாயிற்று. நோட்டுப் புத்தகத்தை அடுப்புப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன், இதை எழுதி முடித்ததும் நேரே டீச்சர் வீட்டுக்குத்தான் போகிறேன். தயவுசெய்து அடுத்த நவம்பருக்குள் பொல்வொரோன் இருநூறு அனுப்புங்கள். சபையில் ஒவ்வொருவர் வாயிலும் ஒன்றை அடைத்துவிட்டுத்தான் நான் வாசிக்க ஆரம்பிப்பேன்.