எக்ஸ்பான்ஷன் வால்வும் மச்சான் வருகையும்

மச்சான் வரக்கூடாது. வந்தாலும் தங்கக்கூடாது. தங்கினாலும் ஏசி அறைக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது. இந்த மூன்று தீர்மானங்களையும் ஆறுமுகசாமி ஒரே மூச்சில் நிறைவேற்றினார். சபையில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லாததால் எல்லாம் ஏகமனதாகவே நிறைவேறின.

"மைசூருக்குப் போய் ஏசியா?" என்று மேட்டகள்ளியில் தெருவே சிரித்தபோது அவர் பிடிவாதமாக வாங்கி மாட்டிய ஏசி அது. பிஸ்கட் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவுக்கு அவர் சூப்பர்வைசர். காலை ஆறு மணி ஷிப்டு. முடித்து வந்து, சாப்பிட்டு, மூன்று மணிக்குப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஏசியைப் போட்டுப் படுத்தால், ஐந்து மணி வரைக்கும் அவர்தான் மைசூருக்கு மகாராஜா. மற்ற இருபத்திரண்டு மணி நேரமும் அவர் மகேஸ்வரியின் புருஷன்.

அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் ஆபத்து வந்தது. கொள்ளேகாலில் வெயில் மண்டையைப் பிளக்கிறதாம். மகேஸ்வரியின் அண்ணன் காளியப்பன், சம்சாரம் நாச்சம்மாளோடு "ஒரு நாலு நாள்" வந்து இருந்துவிட்டுப் போகிறாராம். காளியப்பனின் நாலு நாள் ஊரில் மற்றவர்களுடைய நாலு நாள் மாதிரி இருக்காது. போன வருஷத்து நாலு நாள் மூன்று வாரம் நடந்தது. அந்த மூன்று வாரமும் கட்டிலில் காளியப்பன் குறட்டை விட்டார். மகாராஜா ஹாலில், டிவிக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில் பாய் போட்டுக் கிடந்தார்.

இந்த வருஷம் விடுவதாக இல்லை. கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் செல்போனில் ஏசி ரிப்பேர் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். பாதி வீடியோ ஹிந்தியில். பாஷை புரியாவிட்டால் என்ன, விரல் புரிந்தது. மூன்றாம் நாள் ரகசியம் கையில் சிக்கியது. மொட்டைமாடியில் இருக்கும் பெரிய பெட்டிக்குள் எக்ஸ்பான்ஷன் வால்வு என்று ஒன்று இருக்கிறது. காஸைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடுகிற கைகாரன் அவன்தான். அவன் தலையிலிருந்து போகிற ஒயரை மட்டும் உருவிவிட்டால் போதும். ஏசியில் லைட் எரியும், காற்று வரும், ஜில் மட்டும் வராது. மச்சான் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு மறுபடி சொருகிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி மாடிக்குப் போனார். மெயினை அணைத்தார், மூடியைக் கழற்றினார், உருவினார், மூடினார். கீழே வந்து இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டார்.

மறுநாளே மகேஸ்வரி ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, ஏசியில ஜில்லுன்னே வரலீங்க."

"ஐயையோ! அப்படியா? அடக்கடவுளே!" ஆறுமுகசாமி நெஞ்சில் கை வைத்தார். சொந்தத்தில் சாவு விழுந்தபோதுகூட அவர் இவ்வளவு துடித்ததில்லை. "அப்ப உங்கண்ணனுக்குப் போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லிரு. பாவம், இங்க வந்து எதுக்கு வேகறாங்க?"

"அதுக்குள்ள என்னங்க அவசரம்? மஞ்சுநாத்தைக் கூப்பிட்டுக் காட்டிப் பார்க்கலாம்."

மெக்கானிக் மஞ்சுநாத் சாயங்காலமே வந்தான். மாடிக்குப் போய் காஸ் பிரஷர் பார்க்கிற மீட்டரை மாட்டினான். முள்ளைப் பார்த்தான். எந்த ஏசியைக் கண்டாலும் மெக்கானிக்குகள் சொல்கிற அதே மந்திரத்தைச் சொன்னான்.

"காஸ் ஹோகிதெ சார். காஸ் போயிடுச்சு. ஃபில் பண்ணிட்டா ஆச்சு."

ஆறுமுகசாமி கணக்குப் போட்டார். காஸை நிரப்பியும் ஜில் வராவிட்டால் அடுத்து இவன் மூடியைத்தான் கழற்றுவான். எப்படியாவது தடுத்தாக வேண்டும். அது பாதிக் காரணம். மீதிப் பாதி, மூன்று நாள் படித்த படிப்பு தொண்டை வரைக்கும் வந்து நின்றது. தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

"காஸா? யாருகிட்டப்பா கதை விடறே? மெஷினை ஆஃப் பண்ணு. பத்து நிமிஷம் பொறு. இப்பப் பாரு, முள்ளு எங்க நிக்குது?"

"மேல நிக்குது சார்."

"காஸ் போயிருந்தா மேல நிக்குமா? சரி, இப்ப ஓட விடு. எங்க போகுது?"

"அய்யோ, ஒரேடியா கீழ விழுதே சார்!"

"அப்ப என்ன அர்த்தம்? காஸ் இருக்குது. வழியில அடைச்சுட்டு நிக்குது. எங்க? எக்ஸ்பான்ஷன் வால்வுல! கீழ போயி உள் மெஷினைத் திறந்து பாரு. காயில் குழாயில மொதல் ரெண்டு வளைவுல மட்டும் பனி பிடிச்சிருக்கும். மிச்சமெல்லாம் காஞ்சு கெடக்கும்."

மஞ்சுநாத் ஓடினான். பார்த்தான். மூச்சு வாங்க ஏறி வந்தான்.

"ஹௌது சார்! அப்படியே இருக்குது! பதினோரு வருஷமா நான் இந்த வேலை செய்றேன். நீங்க எங்க சார் கத்துக்கிட்டீங்க?"

"பொது அறிவுப்பா."

காபி டம்ளரோடு படியில் நின்றிருந்த மகேஸ்வரி கேட்டாள்: "போன மாசம் மிக்ஸி ஓடலைன்னு ஆளைக் கூட்டிட்டு வந்தீங்க. அடியில இருக்கற செவப்புப் பட்டனை ஒரு அமுக்கு அமுக்கிப்போட்டு அவன் போனான். அன்னைக்கு இந்தப் பொது அறிவு எங்கீங்க போயிருந்துச்சு?"

"அது சமையல்கட்டு. இது சயின்ஸ்."

"அப்படிங்களா?"

"வால்வு பெங்களூர்ல இருந்து வரோணும். எப்படியும் ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் ஒருத்தரும் அந்த மூடியில கை வைக்கக் கூடாது. உள்ள பிரஷர் இருக்குது. மூஞ்சியிலயே அடிச்சுப்போடும்."

மகேஸ்வரி சரியென்று தலையாட்டினாள். பதினெட்டு வருஷத்தில் அவள் எதிர்ப்பேச்சு இல்லாமல் தலையாட்டியது அதுதான் முதல் தடவை. உஷாரான மனிதன் அங்கேயே பயந்திருப்பான். ஆறுமுகசாமி காபியைக் குடித்தார்.

ஆனால் மச்சான் வந்தே விட்டார். இரண்டு பெட்டி, ஒரு மூட்டை மாங்காய், நாச்சம்மாள்.

"ஏசி இல்லாட்டி என்னங்க மாப்பிள்ளை? தங்கச்சி தனியா வெந்து சாகறப்ப நாங்க வேடிக்கை பார்க்கறதா? கூட வந்து நாங்களும் வேகறோம்!"

மதியச் சாப்பாடு ஆனதும் மூன்று பேரும் படுக்கையறைக்குப் போனார்கள். ஆறுமுகசாமியும் எழுந்தார். காளியப்பன் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நீங்க ஷிப்டு முடிச்சுக் களைச்சுப் போயி வந்திருக்கீங்க. காத்தாட ஹால்லயே படுங்க. அந்த உலையில கெடக்கறது எங்களோட போகட்டும்."

ஆறுமுகசாமிக்கு நெஞ்சு கரைந்தது. இந்த மனிதரையா வரவிடக் கூடாதென்று நினைத்தோம்!

கதவைச் சாத்தினார்கள். உள்ளேயிருந்து யாரோ கதவடியில் ஈரத் துண்டைத் திணித்தார்கள்.

"அது எதுக்குங்க மச்சான்?"

"உள்ள இருக்கற சூடு உங்க பக்கம் வந்துரக் கூடாதில்லீங்க!"

ஐந்து மணிக்கு நாச்சம்மாள் சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். வேர்வை ஆறினால் உடம்புக்கு ஆகாதாம். இரண்டாம் நாள் காளியப்பன் அடுக்கடுக்காகத் தும்மினார். உஷ்ணம் தலைக்கு ஏறினால் ஜலதோஷம் பிடிக்கும் என்றார். மூன்றாம் நாள் மகேஸ்வரி பரணிலிருந்து கம்பளியை இறக்கினாள். மூட்டைப்பூச்சிக்கு வெயிலில் போடப் போகிறேன் என்று சொல்லி அறைக்குள் எடுத்துக்கொண்டு போனாள்.

வேறு யாராக இருந்தாலும் சந்தேகம் வந்திருக்கும். ஆறுமுகசாமிக்கு எப்படி வரும்? அந்த ஏசி குளிராது என்று இந்த மைசூரிலேயே அடித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தானே!

நாலாம் நாள் அவரால் தாங்க முடியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. தன் இரண்டு மணி நேரத் தூக்கத்துக்காக மூன்று ஜீவன்களைப் போட்டு வேகவைக்கிறோமே, நாமெல்லாம் ஒரு மனிதனா என்று நிஜமாகவே கண் கலங்கினார். போய்ச் சொருகிவிடுவது. வால்வு தானாகச் சரியாகிவிட்டது என்று சொல்லிவிடுவது. கட்டில் போனால் போகட்டும்.

அவர்கள் கதவைச் சாத்தியதும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். செருப்புச் சத்தம் கேட்குமென்று வெறுங்காலோடு போனார். மூன்றரை மணி வெயிலில் மாடித் தரை தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. ஆறுமுகசாமி பரதநாட்டியமும் குச்சிப்புடியுமாக ஆடிக்கொண்டே பெட்டிக்குப் பக்கத்தில் போனார்.

பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. தடித்த குழாயைத் தொட்டுப் பார்த்தார். பனிக்கட்டியாகச் சில்லிட்டது. கீழே தண்ணீர் சொட்டிக் குளம் கட்டியிருந்தது. படித்த படிப்பு அவரைக் கைவிடவில்லை. ஒரே நொடியில் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார். கோளாறே இல்லை. எக்ஸ்பான்ஷன் வால்வு பிரமாதமாக வேலை செய்கிறது.

படி இறங்கி வந்து படுக்கையறைக் கதவைத் தள்ளினார். ஜில்லென்று ஊட்டியே வந்து முகத்தில் அறைந்தது. கம்பளிக்குள்ளிருந்து மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன.

கோபம் கோபமாக வந்தது. என்ன கேட்பது? 'எப்படி ஓடுது' என்று கேட்டால், 'ஓடாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்' என்பாள். திருடனுக்குத் தேள் கொட்டியது போல வாசற்படியிலேயே நின்றார்.

மகேஸ்வரிதான் பேசினாள். "நீங்க பாடம் நடத்துனப்பவே எனக்குப் பாதி தெரிஞ்சு போச்சுங்க. மறுநாள் நீங்க ஷிப்டுக்குப் போனதும் மஞ்சுநாத்தைக் கூப்பிட்டு மூடியைத் தொறக்கச் சொன்னேன். உருவின ஒயருக்குப் பிளாஸ்டிக் கவர் போட்டு, ரப்பர் பேண்டு மாட்டி, மேல தேதி வேற எழுதியிருக்குது. எலி கடிச்சா இவ்வளவு அழகா பேக்கிங் பண்ணாதும்மான்னு அவரு சொல்றாரு."

ஆறுமுகசாமி கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். காலம் கடந்துவிட்டது.

"ஆனா ஒண்ணுங்க." அவள் குரல் இறங்கியது. "எங்களுக்காக மனசு கேக்காம ஒயரைச் சொருக ஸ்க்ரூடிரைவரோட இந்த வெயில்ல மாடி ஏறிப் போனீங்க பாருங்க, அதுல எனக்கு எல்லாக் கோவமும் போயிருச்சு."

ஆறுமுகசாமிக்கு உயிர் வந்தது. காளியப்பன் கம்பளியை விலக்கிவிட்டு எழுந்து வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்தார்.

"நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுக்குக் கெளம்பறதாத்தான் இருந்தமுங்க மாப்பிள்ளை. இவ்வளவு பாசத்தைக் கண்ணால பார்த்துப்போட்டு எப்படிப் போறது? இன்னும் ஒரு மாசம் இருந்துட்டே போறம், கதவைச் சாத்துங்க."