பதினான்கு பக்கமும் ஆறு வரியும்

சிட்லபாக்கம்,
12-8-1968

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான மச்சான் சாலமோன் அவர்களுக்கு, தேவானந்தம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் தங்கள் தங்கை தபீதாள் பரிபூரண சுகம். என் சுகத்தில் மட்டும் பாதியைக் கழித்துக்கொள்ளவும். தங்கள் வீட்டில் ரத்தினபாய் அக்காவின் மூட்டுவலி தேவலையா?

ஜில்லா பால்பாட்மின்டன் கமிட்டியில் தாங்களே இருப்பதால் தங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. இந்த வருஷப் போட்டியை நடத்த எங்கள் கிளப் சார்பில், செக்ரெட்டரி என்ற முறையில், பதினான்கு பக்கம் மனு எழுதினேன். இருபத்திரண்டு வருஷம் ஹெட்கிளார்க்காக இருந்தவன், என் டிராஃப்டில் எந்தத் துரையும் ஒரு கமாவைத் தொட்டதில்லை. முதல் மூன்று பக்கம் எங்கள் ஏரிக்காற்று, அப்புறம் கிளப் பிறந்த வரலாறு, 1952-இல் என் சுண்டுவிரல் பிசகியும் நான் ஆடி ஜெயித்தது, எல்லாம் வரிசையாக வைத்தேன். தபீதாள், "நான் ஒரு தரம் படிச்சுப் பாக்கட்டுமா?" என்றாள். மூணாங்கிளாஸ் டீச்சருக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று கவரை ஒட்டிவிட்டேன். கமிட்டியிலிருந்து பதில் வந்தது. "தங்கள் கட்டுரை சுவையாக இருந்தது. தங்கள் கிளப் போட்டியை நடத்த விரும்புகிறதா என்பது அதில் காணப்படவில்லை. கெடு நேற்றோடு முடிந்தது." அடியில் கையெழுத்து தங்களுடையது. மச்சான், பெரிய மனுஷர்களிடம் 'கொடு' என்று நேராகக் கேட்பது மரியாதையா? குறிப்பறிந்து கொடுப்பீர்கள் என்று இருந்துவிட்டேன்.

போட்டி யாருக்குப் போயிற்று? பீர்க்கன்கரணை கிளப் செக்ரெட்டரி எட்மண்டுக்கு. ஃபாக்டரி ஸ்டோர்ஸில் உட்கார்ந்து 'ஆணி இரண்டு கிலோ' என்று எழுதிப் பழகினவன். அவன் மனுவை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள், எல்லாரும் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். ஆறே வரி. இந்த வருஷப் போட்டியை எங்களுக்குத் தர வேண்டும். கோர்ட் இரண்டு. பெருங்களத்தூர் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடை. அறுபது பேர் தங்கப் பள்ளிக்கூட ஹால் பேசியாயிற்று. சாப்பாடு எங்கள் பொறுப்பு. மழை வந்தால் அடுத்த ஞாயிறு. இதெல்லாம் ஒரு மனுவா? இதில் பணிவு எங்கே, நயம் எங்கே? ஆனால் நான் இதை நாலு தரம் படித்தேன், ஒவ்வொரு தரமும் புரிந்து தொலைத்தது.

வயிறு எரிகிறது மச்சான், மறைப்பானேன். எங்கள் காப்டன் தயாளன் கிளப்பில் எல்லார் முன்னாலேயும், "இன்னா சார், பதினாலு பக்கம் எழுதிக்கினு, வேணும்னு ஒரு வார்த்தை எழுதலியா?" என்கிறான். தாம்பரம் ப்ளாட்பாரத்தில் எட்மண்டே என்னைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, நீங்க அவசியம் வந்து கோர்ட்டைப் பாக்கணும்" என்றான். கிண்டலாகச் சொன்னாலாவது திட்டியிருக்கலாம், நிஜமாகவே கூப்பிட்டான். வந்த ரயிலில் ஏறிவிட்டேன், அது நான் போக வேண்டிய திசைக்கு நேர் எதிரே பீச் போகிற ரயில்.

போட்டி நடக்கிற பீர்க்கன்கரணைத் திசைக்கே நான் தலைவைத்துப் படுக்க மாட்டேன். அம்பயருக்கு ஆள் கிடைக்காமல் அவர்கள் அல்லாடுவதாகக் கேள்வி. ரூல் புத்தகம் எனக்கு மனப்பாடம், வெள்ளைப் பேன்ட்டைக்கூட வெளுத்துப் பெட்டி போட்டு வைத்திருக்கிறேன், அதற்காக ஒன்றும் சொல்ல வரவில்லை. அவரவர் பாடு. தங்கள் குடும்பத்தின்மேல் ஆண்டவர் கண் எந்நாளும் இருப்பதாக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்,
தேவானந்தம்

பி.கு. அண்ணா, தபீதாள் எழுதுகிறேன். ஒட்டிப் போடச் சொல்லிக் கவரை என்னிடம் கொடுத்துவிட்டு இவர் குளிக்கப் போயிருக்கிறார். இவருக்கு அந்தப் போட்டியில் அம்பயராக நிற்க வேண்டும். முடியுமா முடியாதா என்று ஒரு கார்டு போடவும். எட்மண்ட் பெண்சாதி எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் டீச்சர். மனுவில் என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்டாள். அந்த ஆறு வரியும் நான் சொன்னது. இவரிடம் சொல்லிவிடாதீர்கள், சாப்பிட மாட்டார்.