இசைத்தட்டில் ஓர் இருமல்

மலைநாட்டுக் குளிரில் இருமாத மனிதர் கிடையாது. ஆனால் அடுத்தவருடைய இருமலைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றிய ஒரே மனிதர் இருமல் டெய்லர்தான். கொட்டகலை பஜாரில் தையல் கடை வைத்திருந்தார். அவருடைய சொந்தப் பெயர் எனக்கும் தெரியாது.

அந்த இருமல் ஓர் இசைத்தட்டில் இருந்தது. அவருடைய அப்பா தோட்டத்துப் பங்களாவில் சமையல்காரர். வெள்ளைக்காரத் துரை கப்பலேறும்போது ஒரு கிராமபோனையும் ஒற்றைத் தட்டையும் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். தட்டில் இருந்தது செலோ. வயலினுக்கு அண்ணன், முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிப்பது. வாசித்தவர் அந்த இசையை எழுதியவருக்கு உயிர்த் தோழர். இவர் வாசித்துக் காட்டிய பிறகுதான் அவர் ஒவ்வொரு வரியையும் முடிவு செய்வாராம். பதிவு செய்த அன்று எழுதியவரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, இரண்டாம் நிமிடத்தில் இருமிவிட்டார். இதையெல்லாம் துரை உறைமேல் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார். பள்ளிக்கூட வாத்தியார் அதைப் படித்துச் சொன்ன நாளிலிருந்து டெய்லருக்குச் செலோ இரண்டாம்பட்சம்.

ஞாயிறு காலையில் மட்டும் தட்டு சுழலும். கடையில் இருப்பவர்கள் அசையக் கூடாது. அளவு எடுத்துக்கொண்டிருந்தால் நாடா அப்படியே இடுப்பில் தொங்கும். டெய்லர் ஆள்காட்டி விரலை உயர்த்துவார்.

“இந்தா வருது பாருங்க.”

‘க்கும்’ என்று ஒரு சின்ன இருமல்.

“கேட்டீங்களா? எழுதுனவரே இருமியிருக்காரு. கூட்டாளி வாசிச்சதக் கேட்டு மனுசனுக்குத் தொண்டை அடைச்சிப் போச்சு.”

“சளியா இருக்கும் மாஸ்டர்” என்றார் ஒருமுறை மரக்கறிக் கடைக்காரர். அந்தத் தீபாவளிக்கு அவருடைய கால்சட்டை கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து நிஜமாகவே இருமியவர்கள் பாடு இன்னும் மோசம். ஒரு பொத்தான் தைக்கக்கூட ஹட்டனுக்கு பஸ் ஏற வேண்டும்.

ஊசி உரசி உரசித் தட்டு தேய்ந்துகொண்டே வந்தது.

“இருமல் வர வர மெலியுது தம்பி. நான் போறதுக்கு முந்தி அது போயிரக்கூடாது. ஒங்க கம்பியூட்டர்ல ஏத்தி வைங்க” என்றார் என்னிடம்.

ஹட்டனில் கல்யாண வீடியோ எடிட் செய்வது என் தொழில். தட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், இரைச்சலைச் சுத்தம் செய்ய வழக்கமாக அமுக்கும் பட்டனையே அமுக்கி, போனில் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட்டு, தட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கேட்டுப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் நிற்கத்தான் இடம். நிற்பவரின் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது நம் பஸ் மரியாதை. ஓர் அம்மா என் பையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதன்மேல் ஒரு பள்ளிக்கூடப் பை ஏறியது. அதன்மேல் யாரோ வாங்கிய இரண்டு பெரிய கோவா, அதாவது முட்டைக்கோஸ். மூன்றாவது வளைவில் அந்த அம்மா முன்சீட்டில் சாய, பைக்குள் ‘டக்’ என்றது.

மாஸ்டர் மூன்று துண்டுகளையும் வெட்டுத்துணியைப் போல மேசைமேல் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

“போன்ல பத்திரமா இருக்குங்க மாஸ்டர்” என்றேன்.

“அப்ப சரி. போடுங்க.”

செலோ பளிச்சென்று ஒலித்தது. இரண்டாம் நிமிடத்தில் விரல் உயர்ந்தது. ஒன்றும் வரவில்லை. உயர்ந்த விரல் இறங்கவும் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயர் மந்திரம் சொல்லும்போது சொந்தக்காரர்கள் இருமுவதை நீக்குவதற்கென்றே நான் வைத்திருந்த பட்டன் அது.

“ரொம்பத் துப்புரவா இருக்கு தம்பி” என்றார் மாஸ்டர். நாலு வார்த்தை ஏசியிருந்தால் இன்று இவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த ஞாயிறு மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் அனுப்பிவைத்திருந்த பதிவை, தன் போனை ஸ்பீக்கரில் மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். மரக்கறிக் கடைக்காரர் இடுப்பில் நாடாவோடு நின்றார். விரல் உயர்ந்தது.

“இந்தா வருது பாருங்க.”

சரியாக அந்த இடத்தில் மாஸ்டர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ‘க்கும்’ என்று மெல்ல இருமினார். யாரும் சிரிக்கவில்லை. நான் மன்னிப்பும் கேட்கவில்லை. கடைசிவரை கேட்கவே இல்லை.

போன மழைக்காலத்தில் மாஸ்டர் போய்விட்டார். ஞாயிறு காலையில் ஸ்டுடியோவைத் திறந்ததும் அதைப் போடுகிறேன். இரண்டாம் நிமிடத்தில் என் விரல் தானாக உயர்கிறது, இருமலும் வருகிறது. எனக்குச் சளி ஒன்றும் இல்லை.