பதில் மாமாவும் ஒளித்துளியும்

வீட்டுக்கு வீடு வளரும் ஓர் இனம் உண்டு. பெயர், பதில் மாமா. கேள்வி யாரிடம் கேட்டாலும் பதில் இவரிடமிருந்துதான் வரும். டாக்டர் குழந்தையை நாக்கை நீட்டச் சொன்னால் இவர் நீட்டுவார்.

என் அத்தை மகன் கஜபதி பாவா அந்த இனத்தின் தலைமகன். அவருடைய அக்கா பிள்ளை தணிகாசலத்துக்குப் பெங்களூரில் ஒளி ஆராய்ச்சி. வெளிச்சத்தைத் துளித்துளியாகப் பிரித்து, ஒவ்வொரு துளியிலும் ரகசியச் சேதி ஏற்றி அனுப்புவார்களாம். நடுவில் எவனாவது ஒட்டுக்கேட்டால் துளி கலைந்து, திருட்டு தெரிந்துவிடுமாம். இதை அவன் சொன்னது ஒரே முறை. பாவாவோ எங்கள் ஊர் மலைக்கோயிலில் படி ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள், மொட்டைக்குக் குனிந்து தலையை அசைக்க முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் அரக்கோணத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். மாப்பிள்ளைக்காகத் தாய்மாமன் பேசுவது எங்கள் வழக்கம். பாவாவுக்குச் சொல்லவா வேண்டும்? ஏற்கெனவே இரண்டு இடம் அவர் வாயால் கலைந்திருந்தது. பெண் மோனிகாவின் போட்டோவைத் தணிகாசலம் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான். இதுவும் கலைந்தால்?

"என்னா வேலைங்க செய்றீங்க?" பெண்ணின் அப்பா பங்காரு மாப்பிள்ளையைப் பார்த்துத்தான் கேட்டார்.

"இருட்டு ரூம்ல குந்திகினு வெளிச்சத்த எண்ணுறான்," என்றார் பாவா.

"பகல்லயுமா?"

"அங்க பகல் ஏது?"

பங்காருவின் முகம் சுருங்கியது. "கண்ணுல ஏதாச்சும் கோளாறுங்களா?"

விடுவாரா பாவா? ஜன்னலைச் சாத்தி, கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, டார்ச் லைட்டுக்குக் கறுப்புத் துணி சுற்றி விளக்கம் ஆரம்பித்தார். டார்ச் எரியவில்லை. கேசரித் தட்டு என் மடியில் இறங்கியது.

இருட்டு தணிகாசலத்துக்கு ஆபீஸ் மாதிரி. எதிலும் இடிக்காமல் சமையலறை வாசலுக்கே போய்விட்டான் போலிருக்கிறது.

"நெஜமா என்னா வேலைங்க?" என்றது பெண்குரல்.

"பாதி நாளு கண்ணாடிய திருகிகினே இருப்பேன். ஒண்ணும் வராது. வர்ற அன்னிக்கு..." சட்டென்று நின்றான். "மாமா, கேட்டுகினு கீறீங்களா?"

"இல்லியே!" என்றார் பாவா, இருவருக்கும் நடுவிலிருந்து.

மோனிகா சிரித்த சிரிப்பில் பங்காரு தடவித்தடவி விளக்கைப் போட்டார்.

"கும்மிருட்டுல ஆளையே புடிச்சிட்டாரு நைனா," என்றாள் அப்பாவிடம். "கண்ணு நல்லாத்தான் கீது."

அன்றைக்கே தட்டு மாற்றினோம். கல்யாணத்தில் யாரோ மோனிகாவிடம், "சந்தோஷமாம்மா?" என்று கேட்டார்கள்.

"ரொம்ப!" என்றார் பாவா.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் வந்த விருந்தாளி உங்கள் பிள்ளையிடம், "என்ன படிக்கிறே?" என்று கேட்டாரே, பதில் சொன்னது யார்?