சோடியத்தை எறும்பு தூக்கிப்போன நாள்

அணுவில் எலக்ட்ரானை ஒட்டத் தெரியாமல் வேலையைக் கோட்டைவிட்ட இயற்பியல் டீச்சர் இந்த மாவட்டத்தில் ஒருத்திதான் இருக்க முடியும். அது நான்தான்.

எம்.எஸ்சி., பி.எட். முடித்து இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்தேன். (சும்மா என்றால், அப்பாவின் தேன் பாட்டில்களைக் கழுவிக்கொண்டு. மார்த்தாண்டத்தில் அவருக்குத் தேனீ வளர்ப்பு.) நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளியில் மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். இதுவும் போனால் கல்யாணம்தான் என்று அம்மா தரகரிடம் பேசிவைத்திருந்தாள்.

முந்தின நாளே அட்டையில் மூன்று வட்டம் போட்டேன். நடுவில் ரப்பர் பந்து, அணுக்கரு. எலக்ட்ரானுக்குச் சவ்வரிசி. சோடியத்துக்குப் பதினொன்று: உள்ளே இரண்டு, நடுவில் எட்டு, வெளியே ஒன்று. ஒட்டப்போனால் பசை தீர்ந்திருந்தது. எங்கள் வீட்டில் இருமலுக்கும் தேன், தீக்காயத்துக்கும் தேன். பசைக்கும் அதையே எடுத்தேன்.

"எறும்பு வராதாப்பா?"

"எனக்க தேன்லயா? சுத்தமான தேன்ல எறும்பு ஏறாது மக்ளே."

வாங்க வருகிற எல்லோரிடமும் அவர் சொல்வது இதைத்தான். முதுகலைப் பட்டதாரியான நானும் நம்பினேன்.

வகுப்பு ஜோராகத் தொடங்கியது. கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை.

"எலக்ட்ரான் அதற்குரிய வட்டத்தில்தான் இருக்கும். ஆற்றல் கொடுத்தால் மேல் வட்டத்துக்குத் தாவும். திரும்பி வரும்போது ஒளியை விடும். இரண்டு வட்டத்துக்கும் நடுவில் மட்டும் ஒருபோதும் நிற்காது!"

முன் பெஞ்சுப் பெண் கையைத் தூக்கினாள். "டீச்சர், வெளியில உள்ளதக் காணல்ல."

திரும்பினேன். இரண்டு எறும்புகள் அதைத் தூக்கிக்கொண்டு அட்டையின் ஓரத்துக்குப் போய்விட்டன. ஆனாலும் என் வாய் லேசில் அடங்காது.

"சோடியம் கடைசி எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும். அதன் குணமே அது!"

தலைமையாசிரியை தலையாட்டி ஏதோ எழுதினார். வேலையில் சேரும் முதல் நாள் எந்தச் சேலை கட்டுவது என்றுகூட முடிவுசெய்துவிட்டேன்.

"டீச்சர், இன்னொண்ணு வழியில நிக்கு."

இரண்டாம் வட்டத்துக்கும் மூன்றாம் வட்டத்துக்கும் நடுவே ஒரு சவ்வரிசி. ஒரு எறும்பு இந்தப் பக்கம் இழுக்க, இன்னொன்று அந்தப் பக்கம் இழுக்க, நிற்கவே நிற்காது என்று நான் சொன்ன இடத்தில் அது நன்றாக நின்றது.

"ஒளி விடுமா டீச்சர்?"

ஊதினேன். எறும்புகள் அசையவில்லை, மூன்று எலக்ட்ரான்கள் முன் பெஞ்சில் போய் விழுந்தன. தலைமையாசிரியை எழுந்து வந்து அட்டையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"தேனா?"

"ஆமா மேடம். சுத்தமானதாக்கும்." (பழக்கதோஷம்.)

வகுப்பே சிரித்தது. எனக்கு அடுத்து வந்தவர் வெறும் சாக்பீஸால் வரைந்து காட்டி வேலையை வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து அட்டையை எறிந்து, "ஒங்களாலதான் எனக்க வேலை போச்சு" என்று அப்பாவிடம் அழுதேன். அவர் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். எறும்புகள் இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தன. "ஏறியிருக்கே..." என்றார். வேலை போனதைவிட அந்த முகத்தைப் பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த வருடம், தரகர் முந்துவதற்குள், புதுக்கடைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. அப்பாவும் பழைய பேச்சை விட்டுவிட்டார். இப்போது யாராவது பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, "எறும்பு ஏறாதுல்லா அண்ணாச்சி?" என்று கேட்டால், என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துகிறார்.

"நல்லா ஏறும். ஏறித்தான் இவளுக்கு வரவேண்டிய மொத வேலையே போச்சு."

அவர்கள் என்னை ஒருமுறை பரிதாபமாகப் பார்த்துவிட்டு, இரண்டு பாட்டிலாக வாங்கிப் போகிறார்கள்.